சுவான்சௌ தூணில் நரசிம்மர்

குடும்பத்தோடு சீனா போய்வந்தோம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது பெருஞ்சுவரைப் பற்றித்தான். பார்த்தோம். முட்டிவலியைப் பொருட்படுத்தாமல் அம்மாகூடக் கொஞ்ச தூரம் ஏறினார்கள். ஆனால் பெய்ஜிங், ஷாங்காய் எல்லாம் நீங்கள் திரையில் பார்த்துப் பழகிய ஊர்கள். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தை ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சௌவுக்கே கொடுத்துவிடுகிறேன். நான் மாமல்லபுரத்தில் கல் வேலை செய்கிறவன். கல் இருக்கும் இடத்தில்தான் என் மனசு நிற்கும்.

மகளுக்கு ஷியாமென் நகரத்தில் வேலை. அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் போனால் சுவான்சௌ. மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் இதுதான். மிளகும் சந்தனமும் ஏற்றிவந்து மூழ்கிய ஒரு சோங் காலத்துக் கப்பலை 1974இல் இங்கே தோண்டி எடுத்தார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே கையுவான் என்று ஒரு புத்தர் கோயில். 686இல் தோன்றியது. வாசலில் ஊதுவத்திப் புகை, பெரிய ஆலமரங்கள், இரண்டு பக்கமும் கல் கோபுரங்கள். பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தோம். அங்கே பதினாறு பட்டை போட்ட இரண்டு தூண்கள். என்னைவிட முந்திக்கொண்டு அம்மாதான் சொன்னார்கள்: “டேய், இது நம்ம நரசிம்மர்டா!”

ஆமாம், நேயர்களே. இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார் நரசிம்மர். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கதை. கோபியரின் சேலைகளோடு மரத்தில் உட்கார்ந்திருக்கிறான் கண்ணன். யானையைக் காக்கக் கருடன் மேல் வருகிறார் பெருமாள். அம்மா ஒவ்வொன்றாகக் கதை சொல்ல, மகள் அதைச் சீனத்தில் சொல்ல, பக்கத்தில் நின்றிருந்த ஒரு சீனப் பாட்டி எங்கள் கூடவே தூணைச் சுற்றி வந்தார்.

நான் கதையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். பச்சை கலந்த சாம்பல் நிறக் கல். இழைப்பு அவ்வளவு சுத்தம். ஆனால் உடம்பின் வளைவும் துணியின் மடிப்பும் நம் சிற்பியின் பழக்கம் இல்லை. இது உள்ளூர்க் கைதான் என்று எனக்கு அங்கேயே பட்டது, ஆய்வாளர்களும் அப்படித்தான் கருதுகிறார்கள். அப்படியானால் யோசித்துப் பாருங்கள். கடல் தாண்டி வந்த ஒரு தமிழ் வணிகர் சீனச் சிற்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, இரணியன் எப்படிக் கிடப்பான், நகம் எங்கே இறங்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கல் வந்திருக்காது.

அந்தத் தமிழர்கள் குப்லாய் கான் காலத்தில் 1281ஆம் ஆண்டு இங்கே ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் பிற்பாடு இடிந்தது. கற்கள் நகரத்து மதிலுக்கும் மற்றக் கட்டடங்களுக்கும் போயின. நாங்கள் பார்த்த தூண்களும் மிங் காலத்தில் இப்படிக் கையுவானுக்கு வந்தவைதான். மதிலை இடித்தபோது வெளிவந்த செதுக்குக் கற்களைத் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்கிற பள்ளி ஆசிரியர். அவர் சேர்த்ததையெல்லாம் அரசுக்குக் கொடுத்துவிட்டார். இன்று கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்துக்குப் பூ வைக்கும் பலகையைப் பார்க்கும்போது அந்த மனிதரை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பக்கத்தில் ஹுய்ஆன் என்று கல் தச்சர்களின் ஊர். மகளோடு வேலை பார்க்கிற பெண்ணின் மாமனாருக்கு அங்கே பட்டறை. இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் சிலையின் முகத்தைச் செதுக்க அவர் உளியைத்தான் எடுக்கிறார். நான் ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து அடுத்த கல்லைத் தட்டினார், அவரும் காதைச் சாய்த்தார். நாதம் கேட்டுக் கல் பொறுக்குவது அங்கேயும் உண்டு! அவருடைய இடது கைப் பெருவிரல் கணுவைக் காட்டினார். எனக்கு இருக்கிற அதே காய்ப்பு. அப்புறம் மொழி எதற்கு? சாயங்காலம் வரை ஒரு தாமரைப் பீடத்தில் ஆளுக்கொரு இதழ் செதுக்கினோம்.

நேரம் நெருங்குகிறது. ஷுன்பு மீனவக் கிராமத்தில் பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பதையும், என் மனைவிக்கும் அம்மாவுக்கும் ஒரு மூதாட்டி தலை வாரிப் பூ வைத்துவிட்டதையும், சிப்பி ஓடு பதித்த வீடுகளையும், ஓயாமல் ஊற்றிக்கொடுத்த தேநீரையும் இன்னொரு நாள் சொல்கிறேன்.

சீனா போகிற நேயர்கள் சுவான்சௌவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கையுவானில் புத்தரைக் கும்பிட்டதும் திரும்பிவிடாமல் மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். ஹுய்ஆன் பெரியவரை மாமல்லபுரத்துக்கு அழைத்திருக்கிறேன். அர்ச்சுனன் தபசு முன்னால் அவரை நிறுத்தி, அவர் எந்த இடத்தில் முதலில் கை வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.