செங்கல் சுட்டவர்கள் யார்?



எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு அறிவொளி கொண்டுபோனவர்கள் மிஷனரிகள் என்றார் முதலாமவர். கைதட்டினீர்கள். ஒரு கையால் வேதாகமத்தைக் கொடுத்து மறு கையால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார் இரண்டாமவர். அதற்கும் கைதட்டினீர்கள், கொஞ்சம் பலமாகவே. இருவரும் எதிரும் புதிருமாகப் பேசியதாக நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு கதையிலும் வினை செய்கிறவன் வெள்ளைக்காரன்தான். ஒன்றில் கொடுக்கிறான், மற்றதில் பறிக்கிறான். ஆப்பிரிக்கன் என்ன செய்கிறான்? ஒன்றில் கைநீட்டி வாங்கிக்கொள்கிறான், மற்றதில் ஏமாந்துபோகிறான். அவனுக்கென்று ஒரு புத்தி, ஒரு திட்டம், ஒரு கோபம் இருந்ததாக இரண்டு நண்பர்களும் சொல்லவே இல்லை.

ஆப்பிரிக்கா என்று மொத்தமாகப் பேசினால் எதை வேண்டுமானாலும் பேசிவிட்டுப் போகலாம். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். மலாவி. அன்றைக்கு அதன் பெயர் நியாசலாந்து. பெரிய ஏரி ஒன்றை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் சின்ன நாடு. தங்கமும் கிடையாது, வைரமும் கிடையாது. ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரால் மிஷன் போய் இறங்கிய நாடு அது.

1873-இல் லிவிங்ஸ்டன் இறந்தார். 1875-இல் ஸ்காட்லாந்து சபையார் ஏரிக்கரையில் கேப் மெக்லியர் என்ற இடத்தில் வந்து தங்கினார்கள். மலேரியா அவர்களை வரிசையாகக் கொண்டுபோனது. அங்கே இருக்கும் கல்லறைகளை நான் கேலி செய்யமாட்டேன். கூலிக்கு வந்தவர்கள் அல்ல அவர்கள். அடிமை வியாபாரத்தை எதிர்த்தார்கள், ஏட்டில் ஏறாத மொழிகளுக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார்கள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. பிளான்டயரில் இருந்த இன்னொரு ஸ்காட்லாந்து மிஷன்காரர்கள் சட்டத்தைத் தங்கள் கையிலேயே எடுத்துக்கொண்டு ஆட்களைச் சவுக்கால் அடித்தார்கள், ஒருவருக்கு மரண தண்டனையே கொடுத்தார்கள். விசாரணை நடந்து, 1881-இல் தலைமைப் பாதிரியார் பதவி போயிற்று. அதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்ச காலம் கழித்து, ஏரிக்கரையில் இறங்கிய அந்த லிவிங்ஸ்டோனியா மிஷன் மலைமேல் ஏறியது. 1894-இல் கொண்டோவே பீடபூமியில் டாக்டர் ராபர்ட் லாஸ் ஒரு பெரிய கல்விக்கூடம் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் ஓவர்டவுன் நிலையம். யார் இந்த ஓவர்டவுன்? பணம் கொடுத்த பிரபு. கிளாஸ்கோ பக்கத்தில் ரசாயன ஆலை முதலாளி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், அன்று யாரும் வேலை செய்யக்கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர். அவருடைய ஆலையில் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. குரோமியத் தூசி தொழிலாளிகளின் மூக்குத் தண்டை அரித்து ஓட்டை போட்டது. 1899-இல் தொழிலாளர் தலைவர் கெயிர் ஹார்டி அந்த ஆலையின் கதையைத் துண்டுப் பிரசுரம் போட்டு நாறடித்தார். ஆக, ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஸ்காட்லாந்தின் ஏழைத் தொழிலாளி மூக்கை விற்றுச் சந்தா கட்டியிருக்கிறான். பெயர்ப்பலகை மட்டும் பிரபுவுக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பிரபு பணம் கொடுத்தது மலைமேல் இருந்த ஒரு நிலையத்துக்கு. கீழே நூற்றுக்கணக்கான கிராமங்களில் இருந்த பள்ளிகளை யார் நடத்தினார்கள்? அதைத்தான் நாம் பேசவேண்டும். மண் சுவர், புல் கூரை, உட்கார மரக்கட்டை. சில ஊரில் அதுவும் இல்லை, மரத்தடிதான். எழுத்துப் பழகத் தரையும் விரலும் போதும். சின்னப் பையனுக்குப் பக்கத்தில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவான். சுவர் வைத்தது ஊர், கூரை வேய்ந்தது ஊர். பாடம் சொன்னவர் தாமே நாலைந்து வருஷம் மட்டும் படித்த உள்ளூர் இளைஞர். மாதத்துக்கு ஏதோ சில ஷில்லிங் சம்பளம். ஐரோப்பியப் பாதிரியார் எப்போதாவது ஒருநாள் வந்து, பதிவேட்டைப் பார்த்து, பரீட்சை வைத்து, அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்தப் பதிவேட்டின் எண்ணிக்கைதான் எடின்பரோவில் ‘எங்கள் பள்ளிகள்’ என்று அச்சேறியது.

அரசாங்கம் என்ன செய்தது? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 1891-இல் பிரிட்டிஷ் ஆட்சி வந்தது. வந்ததும் குடிசைக்கு வரி போட்டது. கல்விக்கென்று முதன்முதலாகக் காசு எடுத்தது 1907-இல். எவ்வளவு தெரியுமா? எல்லா மிஷன்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரம் பவுன். கல்வித் துறை என்று ஒன்றை ஏற்படுத்த 1926 ஆயிற்று. முதல் உயர்நிலைப் பள்ளி பிளான்டயரில் திறந்தது 1940-களின் தொடக்கத்தில்தான். மிஷன் வந்து அறுபத்தைந்து வருஷம், கொடி ஏறி ஐம்பது வருஷம் கழித்து! மிஷன்தான் பார்த்துக்கொள்கிறதே என்று சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. மிஷனும் பள்ளி தன் பிடியில் இருந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டது. என் குற்றச்சாட்டு இந்தக் கூட்டணியின் மேல்.

குடிசை வரி என்று சொன்னேன். ஐரோப்பியரிடம் ஒரு மாதம் வேலை செய்தவனுக்கு அதில் பாதி தள்ளுபடி. எதற்கு இந்தத் தாராளம் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். தோட்டத்து நிலத்தில் குடியிருக்கிறவனுக்கு அதற்கு மேல் ஒன்று உண்டு, தங்காட்டா. குடியிருப்புக்கு வாடகையாக உடல் உழைப்பு. இத்தனை மாதம் என்பது ஏட்டில் இருக்கும். எவ்வளவு நாள் என்பது கங்காணி முடிவு செய்வது.

அப்படிப்பட்ட தோட்டங்களில் பேர்போனது மகோமேரோ. அந்த இடத்தின் கதையைக் கேளுங்கள். 1861-இல் டேவிட் லிவிங்ஸ்டன் முதல் ஆங்கிலிக்கன் மிஷனை அழைத்துவந்து, மீட்கப்பட்ட அடிமைகளோடு குடியேற்றிய ஊர் அது. பிற்பாடு லட்சத்து அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்த எஸ்டேட் ஆயிற்று. உடைமையாளர் யார்? லிவிங்ஸ்டனுடைய மருமகன் புரூஸின் குடும்பம். லிவிங்ஸ்டனுடைய சொந்தப் பேரன் சொன்ன கருத்து பதிவாகியிருக்கிறது: படித்த ஆப்பிரிக்கனுக்குக் காலனியில் இடமில்லை. தோட்டத்து எல்லைக்குள் பள்ளி கூடாது. தாத்தா அடிமைச் சங்கிலியை அறுக்கப் போனார், பேரன் பலகையையும் பல்பத்தையும் தடை செய்தார். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எப்படி, நண்பரே?

அந்தத் தோட்டத்தின் ஓரத்தில்தான் ஜான் சிலெம்ப்வே இருந்தார்.

ஜோசப் பூத் என்ற, மற்ற வெள்ளைக்காரர்களோடு ஒட்டாத ஒரு பாதிரியாரிடம் 1892-இல் வேலைக்குச் சேர்ந்தவர். பூத்தோடு 1897-இல் அமெரிக்கா போனார். வர்ஜீனியாவில் கறுப்பின பாப்டிஸ்டுகள் நடத்திய கல்லூரியில் படித்தார். 1900-இல் திரும்பிவந்து சிரட்சுலு மாவட்டத்தில் தம் சொந்த மிஷனைத் தொடங்கினார். ஏழு பள்ளிகள். பிள்ளைகளோடு வளர்ந்தவர்களும் படித்தார்கள். பெண்களுக்குத் தையல். ஆண்கள் சட்டை, காற்சட்டை, தொப்பி போட்டு மரியாதையாக நடக்கவேண்டும் என்றார். தோட்டக்காரர்களுக்குத் தாங்கமுடியாமல் போனது அந்தத் தொப்பிதான். வெள்ளைக்காரனைக் கண்டதும் அதைக் கழற்றவேண்டும் என்ற அதிகாரம் நடந்தது. ஒரு தொப்பிக்கு இவ்வளவு பயமா என்று சிரிக்காதீர்கள். தோளில் துண்டு போட்டதற்காக அடிவாங்கிய தாத்தாக்கள் இந்தக் கூட்டத்திலேயே பலருக்கு இருந்திருப்பார்கள்.

சிலெம்ப்வேயின் ஆட்கள் சுட்ட செங்கல்லால் பெரிய ஆலயம் ஒன்று எழுந்தது. 1913-இல் கட்டி முடித்தார்கள். அதே காலத்தில், தோட்டத்துக் குடிகள் எஸ்டேட் நிலத்தில் எழுப்பிக்கொண்ட சிற்றாலயங்களை மேலாளர் கொளுத்தினார். அவர் பெயரும் லிவிங்ஸ்டன்தான், வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன். அங்கே ஆலயம் என்றால் அதுதான் பள்ளிக்கூடமும். ஆகையால் எரிந்தது வகுப்பறை.

1914-இல் உலகப்போர். நியாசலாந்துக்காரனைச் சிப்பாயாகவும் சுமைகூலியாகவும் இழுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் சண்டையில் எங்கள் மக்கள் ஏன் சாகவேண்டும் என்று கேட்டு சிலெம்ப்வே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தணிக்கை அதை நிறுத்தியது. 1915 ஜனவரி 23 இரவு சிலெம்ப்வே தலைமையில் கலகம் வெடித்தது. மேலாளர் கொல்லப்பட்டார், தலை வெட்டப்பட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தொடக்கூடாது என்பது கட்டளை, அதன்படியே நடந்தார்கள். கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அரசாங்கப் படை செய்ததைப் பாருங்கள். அந்தச் செங்கல் ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது. பிப்ரவரி 3-இல் சிலெம்ப்வேயைச் சுட்டுக் கொன்றது. விசாரணைக் கமிஷன் தோட்டத்தின் கொடுமையைக் குறித்துவைத்தது. கூடவே, ஆப்பிரிக்கர் தாமே நடத்தும் சபைகளையும் பள்ளிகளையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

மிஷன் கல்வி கொடுத்தது என்கிறீர்களே, மிஷன் படிக்கவைத்த சார்லஸ் டொமிங்கோவைக் கேளுங்கள். லிவிங்ஸ்டோனியாவில் வளர்ந்து, தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் வரை போய்ப் படித்துவந்து, ஆசிரியராக இருந்தவர். குரு பட்டம் வரும் வரும் என்று காத்திருந்து அலுத்து வெளியேறினார், தாமே பள்ளி தொடங்கினார். மிஷன், சர்க்கார், கம்பெனி மூன்றும் ஒரே ரகம் என்று 1911-இல் எழுதினார். லிவிங்ஸ்டோனியாவில் முதல் ஆப்பிரிக்கர் மூவர் குருவானது 1914-இல். மிஷன் வந்து முப்பத்தொன்பது வருஷம் ‘நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை’! எலியட் கம்வானா என்ற இன்னொரு மாணவர், பள்ளியில் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்த காலத்தில் மிஷனை விட்டுப் போனார். 1908-இல் ஊருக்குத் திரும்பி, கட்டணமில்லாத சபை என்று அவர் பிரசங்கம் செய்தபோது ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. அடுத்த வருஷமே சர்க்கார் அவரை நாடு கடத்தியது.

சுதந்திரம் வந்த பிறகு எல்லாம் சரியாயிற்றா? அங்கேயும் நான் மாலை போடமாட்டேன். ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா மிஷன் பள்ளிப் பையன். குட்டையாக இருந்ததால் பரீட்சையில் கரும்பலகை தெரியாமல் எழுந்து நின்றார், காப்பி அடிக்கிறான் என்று வெளியேற்றினார்கள் என்பது அந்நாட்டில் எல்லாரும் சொல்லும் கதை. அந்த மனிதர் ஜனாதிபதியாகி, எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளி, 1981-இல் தம் பெயரிலேயே கமுசு அகாடமி என்று ஒரு பள்ளி கட்டினார். அதில் லத்தீனும் கிரேக்கமும் கட்டாயம். ஆசிரியர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். ஆப்பிரிக்கன் ஒருவனும் அங்கே பாடம் சொல்லக்கூடாது என்பது அவர் பிடிவாதம். மரத்தடியில் தம் மக்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த உள்ளூர் வாத்தியார்களுக்கு மிஷன்கூட இப்படி ஓர் அவமானத்தைச் செய்ததில்லை. பண்டா வீழ்ந்த 1994-இல்தான் தொடக்கக் கல்வி இலவசம் ஆயிற்று. ஒரே வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பிள்ளைகள் புதிதாக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். படிப்பின் அருமை தெரியாத ஜனம் என்று யார் சொன்னது?

தகர்த்த ஆலயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிலெம்ப்வேயிடம் படித்த டேனியல் மலேகெபு அமெரிக்காவில் டாக்டராகி 1926-இல் திரும்பிவந்தார். அதே ஊரில் ஊராரை வைத்துத் திரும்பக் கட்டினார்கள், 1933-இல் முடிந்தது.

இன்றைக்கும் மலாவியில் தொடக்கப் பள்ளிகளின் பெரும்பகுதி ஏதாவது ஒரு சபையின் பெயரில்தான் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் தலையில். புதிதாக ஒரு வகுப்பறை கட்டுவதென்றால் மணலும் தண்ணீரும் செங்கல்லும் கிராமத்தார் பங்கு. திறப்பு விழாக் கல்வெட்டில் நன்கொடை தந்த வெளிநாட்டுச் சங்கத்தின் பெயர்.

இந்த ஊரிலும் ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கென்று யாராவது உங்களிடம் ரசீதுப் புத்தகத்தோடு வரலாம். சபையாக இருக்கட்டும், சங்கமாக இருக்கட்டும், கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தக் கிராமத்து ஆசிரியருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? அது எத்தனை மாதம் பாக்கி? பள்ளியின் நிர்வாகக் குழுவில் அந்த ஊர்க்காரர் எத்தனை பேர்? மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். வராவிட்டால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.