பெட்டி சொல்வதும் சொல்லாததும்



வானொலியில் படம் காட்ட இயலாது. இன்று நான் பேசப்போவதோ ஒரு படத்தைப் பற்றி. ஆகையால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்ல நீங்களே வரைந்துவிடலாம்.

புள்ளியியலில் பெட்டி வரைபடம் என்று ஒன்று உண்டு. அதன் முன்வடிவத்தை மேரி ஸ்பியர் என்னும் அமெரிக்க அம்மையார் 1952-இல் வெளியிட்ட தம் நூலில் காட்டினார். அதைச் செம்மைப்படுத்தி, 1977-இல் வெளிவந்த நூலின் வாயிலாகப் பரப்பியவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜான் டூக்கி. இதனை வரைவது எளிது. பார்த்துப் பொருள் கொள்வதில்தான் பலர் இடறுகின்றனர். நானும் இடறியவனே.

மெய்யான எண்களையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ஆல்பர்ட் மைக்கெல்சன், 1879-இல் சுழலும் கண்ணாடி ஒன்றின் துணைகொண்டு காற்றில் ஒளியின் வேகத்தை அளந்தார். அவருடைய நூறு அளவுகளுள் முதல் இருபதை மட்டும் பார்ப்போம். எல்லாம் வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. ஒவ்வொன்றிலும் 2,99,000-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொள்வோம்.

இருபதையும் ஏறுவரிசையில் நிறுத்தினால் முதலில் நிற்பது 650. கடைசியில் நிற்பது 1070. சரிபாதியில் நிற்கும் இடைநிலை அளவு 940. கீழ்ப்பாதியின் நடு 850. மேற்பாதியின் நடு 980. இவ்விரண்டும் கால்மானங்கள்.

இப்போது 600 முதல் 1100 வரை ஓர் அளவுகோடு இழுங்கள். அதன்மேல் 850-இலிருந்து 980 வரை ஒரு பெட்டி வரையுங்கள். 940-இல் பெட்டிக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பெட்டியின் நீளம் 130. அதைப் போல் ஒன்றரை மடங்கு 195. பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் அந்தத் தொலைவுதான் எல்லை. இடப்புற எல்லை 655. வலப்புற எல்லை 1175. எல்லைக்குள் அடங்கிய கடைசி எண்கள் வரை, அதாவது இடப்புறம் 740 வரையிலும் வலப்புறம் 1070 வரையிலும் கைகளை நீட்டுங்கள். 650 எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதற்குத் தனியே ஒரு புள்ளி வையுங்கள். படம் முடிந்தது.

பெட்டியின் இடப்பகுதி 90 அலகு நீளம். வலப்பகுதி 40 அலகுதான். எதில் எண்கள் அதிகம்? நீண்ட பகுதியில்தான் என்று நான் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அது பிழை. இரண்டிலும் ஐந்தைந்து எண்களே உள்ளன. ஒரே அளவு நெல்லைச் சிறு களத்திலும் பெரிய களத்திலும் பரப்பினால், பெரிய களத்தில் நெல் கூடிவிடுமா? மெலிதாகப் பரவியிருக்கும், அவ்வளவே. நீளம் காட்டுவது நெருக்கமின்மையை.

அடுத்து, தனித்து நிற்கும் 650. அதை அடித்துவிடலாமா? கூடாது. எல்லையைத் தாண்டியது என்பது குற்றச்சாட்டேயன்றித் தீர்ப்பு அன்று. குறித்ததில் தவறா, கருவியில் கோளாறா, அன்றி உண்மையிலேயே அவ்வாறு அமைந்ததா என்று விசாரிக்க வேண்டும். தக்க காரணம் கிடைக்காவிடில் அந்த எண் இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கட்டும். இன்னொன்றும் கவனியுங்கள். 650 என்பதை யாரேனும் கைதவறி 65 என்று எழுதிவிட்டால், 909 ஆக இருந்த சராசரி ஏறத்தாழ 880-க்கு இறங்கிவிடும். இடைநிலை அளவோ 940-ஐ விட்டு அசையாது. டூக்கி பெட்டியின் நடுவில் இடைநிலையை வைத்ததன் நன்மை இதில் விளங்கும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. பெட்டி குறுகியிருந்தால் உண்மை அதற்குள்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர் என்று 1983 முதல் வரையறுக்கப்பட்டுள்ளது. காற்றில் அது இன்னும் சற்றுக் குறைவு. நம் கணக்கில் 792-க்கும் கீழே. உங்கள் தாளில் அந்த இடத்தைத் தேடுங்கள். பெட்டி தொடங்குவதே 850-இல் அல்லவா? உண்மை பெட்டிக்கு வெளியே, இடப்புறம் நிற்கிறது!

மைக்கெல்சன் கவனக் குறைவானவர் அல்லர். பிற்காலத்தில், 1907-இல், நோபல் பரிசு பெற்ற மேதை. ஆயினும் அளவுகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்துவிட்டால், அவை தமக்குள் ஒத்திருந்தும் உண்மையை ஒத்திரா. அந்தச் சாய்வைப் பெட்டி காட்டாது. அளவுகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையே அது காட்டும். எண்கள் இரு கும்பலாகப் பிரிந்திருந்தாலும் அது மறைத்துவிடும். இருபது எண்ணா, இரண்டாயிரமா என்றும் தானாகச் சொல்லாது.

ஆகவே பெட்டி வரைபடம் ஒன்றைக் காணும்போது, அது என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு, என்ன சொல்லவில்லை என்றும் மறவாமல் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகியவரே புள்ளியியலைக் கற்றவர் ஆவார்.