ஆமணக்கும் எந்திரமும்



ஆமணக்கெண்ணெய் என்றதும் உங்களுள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். என் இளமையில், பேதிக்குக் கொடுக்கும் நாளன்று அந்த எண்ணெய்க்கு அஞ்சி வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் அதே எண்ணெய் எங்கள் வீட்டில் வேறொரு தொண்டும் செய்தது. வைக்கோற் கரியைப் பொடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, மாட்டு வண்டியின் அச்சிலே தடவுவார் என் பாட்டனார். அதற்கு வண்டி மை என்று பெயர். "மையில்லாத வண்டியில் பூட்டிய மாடு இரண்டு வண்டியை இழுக்கிறதடா" என்பார் அவர். ஒன்று கண்ணுக்குத் தெரியும் வண்டி. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத உராய்வு.

இந்த உராய்வை வெல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் சார்ல்ஸ் வேகெஃபீல்டு. வாக்குவம் ஆயில் என்ற அமெரிக்க நிறுவனத்தில் அவர் பணியாற்றி வந்தார். 1899ஆம் ஆண்டில், நாற்பது வயதை எட்டும் வேளையில், அந்த வேலையை விட்டு விலகி, லண்டனிலே சீப்சைடு என்னும் வீதியில் தம் பெயராலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய நிறுவனத்துத் தோழர்கள் எண்மர் அவருடன் வந்து சேர்ந்தனர். புகைவண்டிகளுக்கும் பெரும் பொறிகளுக்கும் மசகெண்ணெய் விற்பதே அவர்களுடைய முதல் வாணிகம்.

அக்காலத்தில்தான் மோட்டார் வண்டியும், அதனைத் தொடர்ந்து ஆகாய விமானமும் தோன்றின. அவற்றின் எந்திரங்கள் புதியதொரு சிக்கலைக் கொணர்ந்தன. குளிர்ந்த எந்திரம் உடனே கிளம்ப வேண்டுமானால் எண்ணெய் இளகியிருக்க வேண்டும். எந்திரம் கொதிக்கும்போதோ எண்ணெய் நீர்த்து ஓடாமல் நின்று காக்க வேண்டும். இவ்விரு குணங்களும் ஓரிடத்தில் அமைவது அரிது. வேகெஃபீல்டின் நிறுவனத்தார் கனிம எண்ணெயோடு ஆமணக்கெண்ணெயை அளவறிந்து கலந்து இதற்கு வழி கண்டனர். 'காஸ்டர்' என்பது ஆமணக்கின் ஆங்கிலப் பெயரன்றோ? அதிலிருந்தே 1909ஆம் ஆண்டில் 'காஸ்ட்ரால்' என்ற வாணிகப் பெயர் பிறந்தது.

ஆமணக்குக்கு இத்தகைய ஆற்றல் எங்கிருந்து வந்தது? அதன் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அதனால் அது உலோகத்தின்மேல் நன்றாகப் பற்றிக்கொள்ளும். வெப்பத்திலும் எளிதில் விலகாது. பெட்ரோலிலும் அது எளிதிற் கரைவதில்லை. முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றில், உருளைகள் தாமே சுழலும் ஒருவகை எந்திரம் இருந்தது. பெட்ரோலும் எண்ணெயும் அதனுள்ளே ஒரே வழியிற் புகுந்தன. பெட்ரோலில் கரையும் எண்ணெயாயிருந்தால் அது கழுவப்பட்டுப் போயிருக்கும். ஆமணக்கெண்ணெயோ நிலைத்து நின்றது. எந்திரம் அதனைப் புகையாக வெளியே தள்ள, விமானிகள் அதனைச் சுவாசித்தனர். அதன் பயனாக வயிற்றுத் தொல்லையும் அடைந்தனர். நான் வைக்கோற்போரில் ஒளிந்து தப்பியதற்கு, அவர்கள் வானத்தில் ஒளிய இடமின்றி ஆட்பட்டார்கள்!

வேகெஃபீல்டு செல்வம் ஈட்டினார். 1915ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத் தலைவராகவும் ஆனார். துணிவுள்ள இளைஞர்களுக்கு அவர் கை தாராளமாக நீண்டது. ஏமி ஜான்சன் என்ற இருபத்தாறு வயது மங்கை விமானம் வாங்க, அவள் தந்தையுடன் இவரும் பொருளுதவி செய்தார். 1930ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து அவள் தன்னந்தனியே புறப்பட்டாள். கராச்சி, கல்கத்தா வழியாக மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தாள்.

ஆனால் அடுத்த மாதமே வேறொரு செய்தி வந்தது. வேகெஃபீல்டின் பொருளால் அமைந்த 'மிஸ் இங்கிலாந்து 2' என்னும் விசைப்படகை, ஜூன் 13ஆம் நாள் விண்டர்மியர் ஏரியில் ஹென்றி சீகிரேவ் என்ற வீரர் ஓட்டினார். மணிக்கு ஏறக்குறைய 99 மைல் வேகத்தில் உலகச் சாதனையும் படைத்தார். மீண்டும் ஓட்டியபோது படகு கவிழ்ந்தது. அவரும் உடனிருந்த பொறியாளர் ஒருவரும் உயிர் துறந்தனர். நீரில் மிதந்த மரக்கட்டை ஒன்று மோதியதே காரணம் என்று கருதப்பட்டது. சாதனைகள் எண்ணெய் வாணிகத்துக்கு நல்ல விளம்பரம் என்பது உண்மை. அவ்விளம்பரத்தின் விலையைச் சிற்சில வேளைகளில் யார் கொடுத்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1941ஆம் ஆண்டில் வேகெஃபீல்டு மறைந்தார். 1960ஆம் ஆண்டில் எண்ணெயின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. 1966ஆம் ஆண்டில் பர்மா ஆயில் நிறுவனமும், 2000ஆம் ஆண்டில் பிபி நிறுவனமும் அதனை வாங்கின. ஆமணக்கெண்ணெய் நாளடைவில் பிசினாகி எந்திரத்தில் படியும் குறையுடையது. ஆகவே சாதாரண வண்டிகளிலிருந்து அது விலகிற்று. பெயரில் மட்டும் நிலைத்தது.

முடிக்கும் முன் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரி விடுமுறையில் ஒரு முறை, கிணற்றடி ஆயில் எஞ்சினை என் பொறுப்பில் விட்டு என் தந்தையார் வெளியூர் சென்றார். "நாள்தோறும் எண்ணெய் மட்டம் பார்" என்பதே அவர் இட்ட ஒரே கட்டளை. நானோ கதைப் புத்தகமொன்றில் ஆழ்ந்திருந்தேன். நான்காம் நாள் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிட்டது. பழுது பார்க்க எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் கடலைப் பயிரிற் பாதி கருகிவிட்டது. திரும்பி வந்த தந்தையார் என்னைக் கடியவில்லை. அளவுகோலை எடுத்துத் துடைத்து, உள்ளே விட்டு, வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். அதில் எண்ணெயின் சுவடே இல்லை.

அரைப்படி எண்ணெய் அந்தப் பயிரைக் காத்திருக்கும். ஓடுகின்ற சக்கரத்தையே உலகம் பார்க்கிறது. அதை ஓட விடும் எண்ணெயைப் பார்க்கிற கண் உங்களுக்கு வாய்க்கட்டும்.