விளம்பரம் காட்டிய மருத்துவர்

யாழ்ப்பாணத்துப் புகையிலை வணிகன் சிப்பத்தின் மேலிலையை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. கட்டைப் பிரித்து உள்ளிலையையும் தொட்டுப் பார்ப்பான். உடுவிலின் செம்மண் தோட்டங்களிலே துலா மிதித்து நீரிறைத்துப் புகையிலை வளர்த்த உழவர் அறிந்த வழக்கம் இது. இலையின் காரமும் மணமுமே அதற்கு விலை கூறின. மருத்துவரின் நற்சாட்சி அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த நற்சாட்சியைத் தேடிச் சென்றவர்கள் அமெரிக்க சிகரெட் நிறுவனத்தார். 1930ஆம் ஆண்டிலே லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டின் விளம்பரமொன்று, அது தொண்டையை உறுத்துவது குறைவென்று 20,679 மருத்துவர் கூறுவதாக முழங்கியது. வட்டக் கணக்கன்று, கடைசி இலக்கம் வரை எண்ணிய தொகை. ஆதலால் மக்கள் நம்பினர். ஆனால், அம்மருத்துவர்களுக்குச் சிகரெட்டுகளை இலவசமாக அனுப்பிவிட்டே நிறுவனம் அபிப்பிராயம் கேட்டது. அவர்கள் சொன்னதும் அபிப்பிராயமே. நோயாளரை ஆராய்ந்து கண்ட முடிவன்று. 1946இலே கமெல் சிகரெட்டும் மருத்துவர் பெரிதும் விரும்புவது தன்னையே என்று விளம்பரஞ் செய்தது.

மருத்துவரை எண்ணியோர் வேறு இருவரும் உளர். 1951ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் அறிஞர்கள் அந்நாட்டு மருத்துவர்களுக்கு வினாத்தாள் அனுப்பினர். ஏறத்தாழ 40,000 பேர் விடையளித்தனர். சிகரெட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்கள் வினவவில்லை. புகைப்பதுண்டா, எவ்வளவு என்று வினவினர். பின்னர் ஆண்டுதோறும் இறந்தோரையும் இறப்பின் காரணத்தையும் குறித்து வந்தனர். 1954இலே வெளிவந்த முதல் முடிவு, புகைக்கும் அளவு கூடக்கூட நுரையீரற் புற்றுநோயால் இறப்போரும் கூடுவதைக் காட்டிற்று. ஐம்பதாண்டுக் கணக்கு 2004இல் வெளியாயிற்று: வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தோர், புகையாதோரிலும் சராசரி பத்தாண்டு முன்னரே மறைந்தனர்.

இரு சாராரும் எண்ணியது மருத்துவரையே. ஒருவர் எண்ணியது வாய்ச்சொல்லை. மற்றவர் எண்ணியது வாழ்வையும் சாவையும்.

இலங்கையிலே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. எனினும், மருத்துவரின் பெயரையும் ஓர் எண்ணையும் சேர்த்து வேறு பண்டங்களை விற்கும் தந்திரம் மறையவில்லை. 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கெனப் பாடசாலை கண்ட ஊர் உடுவில். அங்கே கற்கும் பிள்ளைகள் எந்த எண்ணைக் கண்டாலும், யாரிடம் கேட்டார்கள், எதை எண்ணினார்கள் என்று வினவப் பழகட்டும். சிப்பத்தைப் பிரித்துப் பார்த்த ஊருக்கு அது புதிய பாடமன்று.