நோய் செய்வது கிருமியா, நஞ்சா?



மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இன்று பேருந்துகள் விரைகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ அத்திசையிலிருந்து நம் முன்னோர் கால்நடையாகவே வந்தனர். தமிழகத்தில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளைக் கடந்து, நூறு மைலுக்கும் மேல் நடந்து, கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளையை அடைந்தனர். வழியில் கண்ட குட்டை நீரைப் பருகியவர்களை வாந்திபேதி பற்றியது. வந்து சேராமலே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களைக் கொன்றது எது?

1884ஆம் ஆண்டிலே ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக் கல்கத்தாவில் ஆராய்ந்து, காற்புள்ளிபோல் வளைந்த ஒரு கிருமியே இந்நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. அக்கிருமி குடலைத் துளைப்பதில்லை, இரத்தத்திலும் பரவுவதில்லை. அவ்வாறிருக்க, ஒரே நாளில் மனிதனை எங்ஙனம் மாய்க்கிறது? அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று கொக் கருதினார். அதனை மெய்ப்பிக்க எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மெய்ப்பித்தவர் கல்கத்தா மருத்துவர் சம்பூநாத் டே. அவர் கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியை முற்றாக நீக்கினார். எஞ்சிய தெளிந்த நீரை, முயலின் சிறுகுடலில் இருபுறமும் கட்டிய ஒரு பகுதியிற் செலுத்தினார். கிருமி ஒன்றேனும் இல்லாதிருந்தும் குடல் நீரால் நிரம்பிப் பருத்தது! 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. நோய் செய்வது நஞ்சே என்பது அன்று தெளிவாயிற்று.

அந்நஞ்சு குடலின் உயிரணுக்களைக் கொல்வதில்லை. குளத்து மதகை மூடவிடாமல் ஆப்பு அறைந்தவனைப்போல, உப்பும் நீரும் வெளியேறும் வாயிலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லீற்றர் நீர்கூட உடலைவிட்டு வெளியேறும். நம் முன்னோரைக் கொன்றது இந்த நீரிழப்பே.

ஆனால், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே செல்லும் மற்றொரு வாயிலை இந்நஞ்சு அடைப்பதில்லை. 1971இல் வங்காளதேசப் போரின்போது, பொங்காவ் நகரிலே மருத்துவர் திலீப் மகலனாபிஸ், சர்க்கரையும் உப்புகளும் கரைத்த நீரை அகதிகளுக்குப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு ஏறக்குறைய 30 ஆக இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் நாம் வாங்கும் ‘ஜீவனி’ இவ்வகைத் தூளே. அது கிடையாதபோது, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நோயாளி பருக இயலாது சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா நஞ்சும் குடலில் உண்டாவதில்லை; சில சோற்றுப் பாத்திரத்திலேயே உண்டாகின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத் தேர்த் திருவிழாவிலும், நம் கல்யாண வீடுகளிலும் பெருந்தொகையாய்ச் சோறு சமைக்கிறோம். அரிசியில் ஒட்டியுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாய் நெடுநேரம் கிடந்தால் அவ்வித்து முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கும். சமைப்பவர் கையிற் புண் இருந்தால், அதிலுள்ள வேறொரு கிருமியும் உணவிற் கலந்து நஞ்சை உண்டாக்கும். இந்த இரு நஞ்சும் மீண்டும் சூடாக்கினாலும் அழியமாட்டா! ‘சுடவைத்துத்தானே உண்டோம்’ என்று வியப்பவர்கள் இதனை உணர்தல் வேண்டும். ஆகவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ணுங்கள். அல்லது ஆவி பறக்கும் சூட்டிலோ, குளிர்சாதனப் பெட்டியிலோ வையுங்கள்.

அன்று அச்சாலையில் நடந்தவர்களுக்குத் தூய நீரும் கிட்டவில்லை, இந்த அறிவும் கிட்டவில்லை. நமக்கு இரண்டும் கிட்டியுள்ளன. அவற்றைப் பயன்படுத்துவது நம் கடமை.