சார், ஒரு டவுட்டு

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கும்பகோணத்துப் பெரியவர்களே, கதவோரம் நின்றுகொண்டு எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே!

அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கும் தலைப்பு 'இன்றைய மாணவர் மனப்பான்மை'. அதைப் படித்ததும் முன்வரிசைக்கு ஒரு ஆசை வந்திருக்கும்: வாத்தியார் இன்றைக்குப் பசங்களை நன்றாக வாங்குவார் என்று. கதவோரத்துக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும். அதனால்தான் கதவோரம். தைரியமாக உள்ளே வந்து உட்காருங்கள், நாற்காலி காலியாக இருக்கிறது.

பல ஊர்களில் அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் சிலப்பதிகாரத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்கள் என்று யாராவது நினைத்தால், அவர் வகுப்பறைக்குள் போனதே இல்லை என்று அர்த்தம். அவர்கள் கேட்பது இதுதான். 'சார், பஸ் பாஸ் எப்ப வரும்?' 'சார், ஆயிரம் ரூபாய் எனக்கு மட்டும் ஏறலை.' 'போனஃபைட் வாங்க யார்கிட்ட போகணும்?' 'இன்டர்னல்ல எத்தனை போடுவீங்க?' 'அரியர் வச்சா வேலை கிடைக்காதா சார்?' இவற்றையெல்லாம் அற்பக் கேள்வி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆசிரியர் ஓய்வறையில் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் கெட்ட பெயர் வாங்கிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 'சார், இன்னும் எத்தனை நாள் லீவு போடலாம்?' சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் கட் அடிக்கக் கணக்குப் போடுகிறானே என்று கோபம் வரத்தான் செய்யும். கொஞ்சம் பொறுங்கள். தீபாவளிக்கு முன்னால் ஜவுளிக்கடைகளில் கூடுதலாக ஆள் எடுப்பார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறக் கேட்டரிங்காரர்கள் பையன்களைத் தேடுவார்கள். அறுவடை வந்தால் வலங்கைமான் பக்கத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே வேலை இருக்கும். அந்தப் பையன் கட் அடிக்கத் திட்டம் போடவில்லை ஐயா, குடும்பத்துக்கு பட்ஜெட் போடுகிறான். எத்தனை நாள் கூலி வாங்கினால் படிப்பு கெடாது என்று கேட்கிறான்.

இதற்குப் பதில் என்ன? ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், 75 சதவீத வருகைக்கு 68 நாள் வந்தாக வேண்டும். மீதி 22 நாள். 75க்குக் கீழே, 65 வரை இறங்கினால் தக்க காரணம் காட்டி, பணம் கட்டி, கன்டோனேஷன் வாங்கித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தில் தேர்வு எழுத முடியாது. 50க்கும் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் நடைமுறை ஏறத்தாழ இப்படித்தான். சொல்லி முடிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிடத்தை ஜூலையில் யாரும் செலவழிக்காததால், நவம்பரில் ஹால் டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் ஜூலையில் யாரைத்தான் கேட்டார்கள்? சீனியரைக் கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள். 'அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க மச்சி, கடைசியில ஃபைன் கட்டினா விட்டுடுவாங்க' என்று டீக்கடைச் சட்டம் சொல்லும். ஆபீஸில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கல்லூரி அலுவலகத்தின் அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னால் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? 'அப்புறம் வா', 'சார் சீட்ல இல்லை', 'நோட்டீஸ் போர்டு பாக்கலையா?' நோட்டீஸ் போர்டைப் பார்த்தால் அங்கே ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை. இப்போது அதையே படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, தகவல் சொல்லியாகிவிட்டது என்கிறார்கள். பன்னிரண்டாண்டு தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பெண், அந்த ஆங்கிலத்தில் 'தவறினால்' என்ற நிபந்தனை எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்?

இங்கேதான் என் கட்சி. அப்பா பேராசிரியர், அம்மா வங்கியில் மேலாளர் என்று ஒரு வீடு இருந்தால், இந்தக் கேள்வி எதுவும் கல்லூரிக்கு வராது. ராத்திரி சாப்பிடும்போதே தீர்ந்துவிடும். கேள்வி வாசலுக்கு வருகிறது என்றால், வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை என்று பொருள். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் கொடுக்கிறோம், கட்டணச் சலுகை கொடுக்கிறோம். நல்லது. அந்தப் பிள்ளைக்குக் காசைவிடக் குறைச்சலாக இருப்பது விவரம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எண் இது. இந்த எண்ணுக்குள் இருப்பவர்களில் எத்தனையோ பேர், வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவர்கள் கேட்கிற கேள்வி சின்னதாக இருக்கிறது என்று நாம் முகம் சுளிக்கிறோம்.

அந்த ஆயிரம் ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்று புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். பணம் மாணவர் கணக்குக்கே நேராகப் போகிறது. 'எல்லாம் செல்போன் ரீசார்ஜுக்குத்தான் சார் போகுது' என்று ஒரு பெரியவர் இந்த மண்டபத்துப் படிக்கட்டிலேயே என்னிடம் சொன்னார். போகட்டுமே! சுற்றறிக்கை போனில் வருகிறது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. போனில் வருகிறது. தேர்வு முடிவு போனில் வருகிறது. ரீசார்ஜ் பண்ணாத பிள்ளை கல்லூரிக்கு வெளியே நிற்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

பெண்பிள்ளைகள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. காலையில் திருவிடைமருதூர் பக்கமிருந்தோ பாபநாசம் பக்கமிருந்தோ பஸ் ஏறி வரும் பெண், மாலை வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். தண்ணீர் பாட்டில் பையில் இருக்கும், மூடி திறக்காது. கழிப்பறை எங்கே, அதில் தண்ணீர் வருமா, தாழ்ப்பாள் இருக்குமா என்று ஆண் ஆசிரியரிடம் எப்படிக் கேட்பாள்? 'இந்தக் காலத்துப் பெண்ணுங்க கிளாஸ்ல சோர்ந்து சோர்ந்து விழுதுங்க, ராத்திரியெல்லாம் போன்' என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மனப்பான்மையை ஆராய்வதற்கு முன்னால் குழாயைத் திருகிப் பார்க்கலாம்.

இன்னொரு கேள்வி, சேரும் நாளன்றே வருவது: 'தமிழ் மீடியம் எடுக்கட்டுமா, இங்கிலீஷ் மீடியம் எடுக்கட்டுமா?' பக்கத்து வீட்டார் இங்கிலீஷ் என்பார்கள். ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தி, பட்டப்படிப்பை மட்டுமல்ல, பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பதினேழு வயதில் ஒரு விண்ணப்பத்தில் போடுகிற டிக், இருபத்தைந்து வயதில் அரசுப் பணிக்கான குரூப் தேர்வு எழுதும்போது திரும்ப வந்து கதவைத் தட்டும். தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பது தம்பி தங்கைகள் முடிவு. எடுப்பதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் வழக்கு. இன்னொன்றும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில வழிப் பாடமானாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அது உண்டா? போய்க் கேளுங்கள்.

சான்றிதழ்க் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு தனியார் கல்லூரியில் மகளைச் சேர்த்த தச்சுவேலைக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டிய பணம் போகட்டும், ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுங்கள் என்று கேட்டால், மூன்று வருடப் பணத்தையும் கட்டிவிட்டு வாங்கிப் போ என்கிறார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அந்தக் கல்லூரி வரவேற்பறையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று 2018இலேயே யு.ஜி.சி., அதாவது அதே மானியக் குழு, அறிவித்துவிட்டது. கட்டணத்தைத் திருப்பித் தரவும் கணக்கு வகுத்திருக்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே விலகினால், ஒரு சிறு கழிவு போக முழுத்தொகை. அதற்குப் பிறகு 90, கடைசி நாள் தாண்டிவிட்டால் 80, 50 என்று படிப்படியாக இறங்கி, ஒரு மாதம் கடந்தால் ஒன்றுமில்லை. அந்த அறிவிப்பை அச்செடுத்து ஒரு கடிதத்தோடு கொடுத்து அனுப்பினேன். சான்றிதழ் கிடைத்தது. பணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் அலைந்தார், அது வேறு கதை.

இப்போது அரியர். நம்ம ஊர்ப் பிள்ளை ராமானுஜன் இல்லாமல் இந்தப் பேச்சை இந்த ஊரில் முடிக்க விடமாட்டீர்கள். அரியர் வைத்த பையனைத் தேற்ற எல்லாரும் அவரைத்தான் இழுப்பார்கள்: 'ராமானுஜனே ஃபெயில் ஆனவர்தான்டா!' எனக்கு இந்த ஆறுதல் பிடிக்காது. நடந்ததைப் பாருங்கள். 1904இல் இதே ஊரின் காவிரிக்கரை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. உதவித்தொகை பறிபோனது. அவருடைய தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடம் போய் முறையிட்டுப் பார்த்ததாக வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பலிக்கவில்லை. 1905இல் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனான். அப்புறம் சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் மேதையைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, உதவித்தொகை போன பையனையும், முதல்வர் அறை வாசலில் நிற்கும் அந்த அம்மாவையும். ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டியின் கடிதம் எல்லாப் பையனுக்கும் வராது. ரயில் ஏறி ஓடுகிற நிலைமை மட்டும் எல்லாருக்கும் வரும்.

2020இல் கொரோனா நேரத்தில், கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வு எழுதாமலே தேர்ச்சி என்று அரசு அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? முதலமைச்சரை வாழ்த்திச் சுவரொட்டி ஒட்டினார்கள். மீம் போட்டார்கள். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பெரியவர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள், 'படிக்காத கூட்டம்' என்று. இத்தனை பிள்ளைகள் ஒரே அறிவிப்புக்குத் துள்ளிக் குதித்தார்களே, இவ்வளவு அரியர் எப்படிச் சேர்ந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பாடத்தில் சேர்ந்தது, எந்த மொழியில் நடத்திய பாடத்தில் சேர்ந்தது என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பட்டியல் போட்டிருந்தால் நமக்கு நல்ல பாடம் கிடைத்திருக்கும்.

தம்பிகளா, உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ரூட்டு தல என்று ஒருவனைத் தூக்கிவைத்து பஸ் கூரையில் ஆடுவதை என்னால் எந்த நியாயத்தாலும் காப்பாற்ற முடியாது. அந்த பஸ்ஸை ஓட்டுகிறவருக்கும் உங்கள் வயதில் ஒரு பிள்ளை இருக்கும். ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்கோடு விலைக்கு வாங்கி, அட்டையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் ப்ராஜெக்ட்டையும் அப்படித்தான். ராகிங் பற்றி ஒன்றே ஒன்று. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதற்கடுத்த ஆண்டே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறை. 'சும்மா ஜாலிக்கு சார்' என்ற வார்த்தை அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

வெறுமனே பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வாசகர் வட்டத் தலைவரிடம் மேடையில் வைத்தே கேட்கிறேன், மறுக்க முடியாதல்லவா? இந்த நூலகத்தில் நாளிதழ்ப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. சனிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. உதவித்தொகை, வருகைக் கணக்கு, சான்றிதழ், மறுமதிப்பீடு என்று எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும், தெரிந்தால் அங்கேயே பதில், தெரியாவிட்டால் நோட்டில் குறித்துவைத்து அடுத்த சனிக்கிழமை பதில். நான் வருகிறேன். முன்வரிசையில் இரண்டாவது நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும் என்று அவருக்கு அத்துப்படி. அவரைக் கேட்காமலே அவர் பெயரையும் சேர்த்துவிட்டேன். அதோ, தலையை ஆட்டுகிறார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று இங்கிருந்து தெரியவில்லை, ஆமாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமையே ஆரம்பித்துவிடலாம். நூலகர் அம்மா அந்த ஓரத்து மின்விசிறியை மட்டும் சரிபார்த்து வைக்க வேண்டும்.