ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நாம் என்ன கேட்பது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சாமை, புளி, தேன் விற்கிற நாமும் வியாபாரிகள்தான். டவுனில் மேயருக்கு நிற்க நினைப்பவரைக் கடைக்காரர்கள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். இத்தனைக்கும் 2022-ல் மேயர்களைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். நம்ம ஜவ்வாது மலையில் ஊராட்சித் தலைவருக்கு நாமே நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். நாம் கூப்பிட்டா வரமாட்டாரா?

2019 டிசம்பர் தேர்தலப்போ ஒரு ஊரில் நம்ம குழுக்காரங்க கூப்பிட்டாங்க. வந்தவர், "மலைரோட்டை அகலமாக்குவேன், பஸ் விடுவேன்"னு அடுக்கினார். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். அப்புறம்தான் உறைத்தது. மலைரோடு நெடுஞ்சாலைத் துறையிடம், காட்டுவழி வனத்துறையிடம், பஸ் போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கு. தலைவர் கையில் இருப்பது குடிதண்ணீர், தெருவிளக்கு, ஊர் ரோடு, சுகாதாரம் மாதிரி வேலைகள். ஒரு பாட்டி மட்டும், "சாமை காய வைக்கக் களம் போட்டுத் தருவியாப்பா?"ன்னு கேட்டாங்க. அவருக்குப் பதில் வரலை!

இன்னொன்றும் கேளுங்க. 2006 வன உரிமைச் சட்டப்படி தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கான மனுவை முதலில் எடுப்பது கிராம சபை. "சபையில் இதைப் பேச விடுவீங்களா?"ன்னு கேளுங்க. வீட்டுக்காரரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்காதீங்க.

சொன்ன பதிலைக் குழுவின் தீர்மான நோட்டில் தேதியோடு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்க. நாம கடன் வாங்கும்போது போடுறோமே, அது மாதிரி.